கழித்தால் மிச்சம்

பதினெட்டாயிரத்து நானூற்று எழுபது ரூபாய்!

பாலக்கோடு தக்காளி மண்டி முதலாளி சவரி, லோடு இறக்கும் இனிகோவுக்குத் தரவேண்டிய கூலி பாக்கி.

கேட்கப் போன இடத்தில் வாய்ச்சண்டை. இனிகோவின் கை தக்காளிப் பெட்டியைத் தூக்கியது...

சவரியின் மண்டையில் இறங்கியது!

யாரும் பார்க்கவில்லை.

ரத்தத்தோடு அவரைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அதே இனிகோதான்.

கண் விழித்த சவரி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"யார் அடிச்சதுன்னு ஞாபகமில்ல..."

இப்போது தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டர். உள்ளே மெஷின் டக்... டக்... என்று இடித்தது. அதற்குள் சவரி. வெளியே அவர் மனைவி சகாயராணி, எஸ்.ஐ. முருகேஷ், இனிகோ.

"நீ மட்டும் தூக்கிட்டு வரலன்னா என் தாலி அறுந்திருக்கும் தம்பி. இந்தா, டீயும் பன்னும்." சகாயராணி நீட்டினாள்.

இனிகோ டீயை மட்டும் ஒரே மூச்சில் குடித்தான்.

"அடிச்சவன் கெடைக்கட்டும்... இவரு செத்தா கொலை கேஸ்!" என்றார் முருகேஷ். "ஏன்டா, ஏசி ஓடுது, உனக்கு மட்டும் வேர்க்குது?"

"டீ சூடுங்க சார்..."

கதவு திறந்தது. டாக்டர் மணிமேகலை.

"ஞாபகம் ஏன் போச்சுன்னு சாதா படத்துல ஒண்ணுமே தெரியல. அதான் இந்தப் புதுப் படம் எடுத்தேன்."

"என்ன புதுசுங்க?"

"மூளையில பெரும்பாலும் தண்ணி. அது போடற சத்தத்துல புரதத்தோட முனகல் நமக்குக் கேக்காது. அதனால ரேடியோ அலைய விட்டு, புரதத்த மட்டும் அடக்குவோம். புரதமும் தண்ணியும் அணுவ மாத்தி மாத்திக்கும். அதுல தண்ணியும் மங்கிடும்."

"சந்தையில ஒருத்தன் வாயப் பொத்தினா, அவங்கூட பேசறவனும் அடங்கிடுவானே... அப்படிங்களா?" என்றான் இனிகோ.

"அதேதான். தண்ணியோட அலைவரிசைக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு அலைய விட்டு ரெண்டு படம் எடுப்போம். ஒண்ணுல இருந்து ஒண்ணக் கழிச்சா, மிச்சம் புரதம். மிச்சம் அதிகமா இருந்தா..."

டாக்டர் குரல் இறங்கியது.

"கட்டி. இவருக்கு இருக்கு."

"மாதாவே!" சகாயராணி அலறினாள்.

முருகேஷ் ஃபைலை மூடினார். "அப்ப யாரும் அடிக்கல. கட்டியால மயங்கி விழுந்திருக்காரு. கேஸ் முடிஞ்சுது!"

தப்பித்தான் இனிகோ!

நெஞ்சு லேசானது. உதடு தானாகச் சிரிக்கப் பார்த்தது... தரையில் புரண்டு அழும் சகாயராணியைப் பார்த்தான்.

ச்சீ! ஒருத்தர் தலையில் கட்டி. அதற்குச் சந்தோஷப்படுகிறோமே... நாமெல்லாம் மனுஷனா?

டாக்டர் மறுபடி படத்தைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"இது என்ன... மண்டை ஓட்டத் தாண்டி, தோல் வரைக்கும் போகுது? கட்டி இப்படிப் போகாதே!"

உள்ளே ஓடினார். சவரியின் தலையில் காயத்துக்குப் போட்டிருந்த கட்டைப் பிரித்தார். துணி மடிப்புக்குள் நூலால் தைத்த ஒரு சின்ன வில்லை!

"யார் வேலை இது?" வில்லையோடு வெளியே வந்தார்.

"அந்தோணியார் உருவம் போட்ட சுரூபம்ங்க..." சகாயராணி விசும்பினாள். "காணாமப் போனத அவருதான் கண்டுபிடிச்சுக் குடுப்பாரு. இவரு ஞாபகம் காணாமப் போச்சே... அதான் தெச்சு வெச்சேன்."

"கேட்டாங்கல்ல உள்ள போறப்ப?"

"இரும்பு இருக்கான்னுதான் கேட்டாங்க. இது அலுமினியம்ங்களே!"

டாக்டர் தலையில் கை வைத்தார். "இதால அந்த எடத்துல காந்தம் கோணிப் போச்சும்மா. ரெண்டு படமும் பொருந்தல. கழிச்சதுல வந்தது பொய் மிச்சம்!"

மறுபடி படம் எடுத்தார்கள்.

கட்டி இல்லை! ஒன்றுமே இல்லை!

சக்கர நாற்காலியில் சவரியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முருகேஷ் ஃபைலைத் திறந்தார்.

"அப்ப அடிச்சது யாரு?"

சகாயராணி அழுகையும் சிரிப்புமாக இனிகோவின் கையைப் பிடித்தாள். "நீ நல்லா இருக்கணும் தம்பி..."

அந்தக் கை சுட்டது.

"சார்... அடிச்சது நாந்தான்!"

"டேய்! வாய மூடுடா!"

கத்தியது... சவரி!

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஓகோ... ஞாபகம் வந்துடுச்சா?" என்றார் முருகேஷ்.

சவரி நெளிந்தார். "எங்க சார் போச்சு, வர்றதுக்கு? இவன் அடிச்சான்னு சொன்னா, ஏன் அடிச்சான்னு கேப்பீங்க. கூலி பாக்கி வெளிய வரும். இவனுக்குக் குடுத்தா, மத்த லோடுகாரனுங்களும் வந்து நிப்பானுங்க!"

"அடப்பாவி மனுஷா!" சகாயராணி மணிபர்ஸைத் திறந்தாள். "வாங்கிக்க தம்பி. முழுசும் வாங்கிக்க."

இனிகோ அவள் கையை மடக்கினான்.

"வேணாங்க்கா. ஸ்கேனுக்குக் கட்டுங்க. நான் அடிச்சது நெஜம். கூலியில அடியக் கழிச்சுக்கங்க... மிச்சம் ஒண்ணுமில்ல."

முருகேஷ் சவரியை முறைத்தார். "நீங்க என்னய்யா சொல்றீங்க? கேஸு?"

"கேஸெல்லாம் எதுக்குங்க சார்... தடுக்கி விழுந்தேன்!"

சவரியின் கண்ணில் திடீரென்று ஒரு வெளிச்சம். தலையைத் தடவிக்கொண்டே குனிந்தார்.

"இனிகோ... மத்தவனுங்களையும் வரச் சொல்லேன். ஆளுக்கு ஒரு அடி!"