கவரோடு நட்ட செடி

பங்காரம்மா அந்தக் கிழிந்த கறுப்பு பாலிதீன் கவரை மேசைமேல் வைத்தபோது, சென்னகேசவன் தன் இரண்டாவது தேங்காய் பன்னின் நட்டநடுவில் இருந்தார். உக்கடத்துப் பேக்கரி அது. அவர் தட்டில் பன் மிச்சமானதை உக்கடம் தொடங்கி காந்திபுரம் வரை கண்டவர் கிடையாது. எதிரே டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்துல் மஜீத். இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோன பஞ்சு குடோனின் சாம்பலை ஒரு சிட்டிகை முகர்ந்தே, தீ தானாகப் பிடித்ததா முதலாளி பிடிக்கவைத்ததா என்று சொல்லிவிடுவார் என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும், வாரம் ஒருமுறை தூசு தட்டி வைப்பதும் சென்னகேசவன்தான். ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய துப்பறியும் ஆசையைத் தேக்கி வைக்கச் சிறுவாணி அணை பத்தாது.

"ஏனுங்க, என்ற செடியை யாரோ மாத்திப் போட்டாங்க" என்றார் பங்காரம்மா.

சென்னகேசவனின் மீசை நிமிர்ந்தது. "திருட்டுங்களா?"

"தெரியலீங்க. கணபதியில எங்க ஊட்டு கேட்டோரம் ஏஞ்சல் ட்ரம்பெட்டுன்னு ஒரு செடிங்க. ஊமத்தை சாதி. ஆனா ஊமத்தைப் பூ வானத்தைப் பாக்கும், இது தரையைப் பாத்துத் தொங்கும். எங்க ஆதர்ஷ் வால்பாறை எஸ்டேட்டுல வேலையில இருந்தப்ப ஒரு குச்சி கொண்டாந்து நட்டான். அதே வாரம் அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை. பட்டறையைப் பாத்துக்கோன்னு இவரு, மாட்டேன்னு அவன். பஸ் ஏறிப் போனவன்தானுங்க. எஸ்டேட்டுக்கும் போகலை. போலீஸ், பேப்பர் விளம்பரம், எல்லாம் பாத்தாச்சு. ஏழு வருஷமாச்சுங்க."

மஜீத் டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.

"'செடி தழையற வரைக்கும் பையன் எங்கியோ நல்லா இருக்கான்னு அர்த்தம் அம்மணி'ன்னு எங்க ஊட்டுக்காரர் அப்பச் சொன்னாருங்க. அவரு அதை நம்பித்தான் எந்திரிக்கறாரு, அதை நம்பித்தான் சாப்பிடறாரு. இப்ப ஊட்டை வித்தாச்சு. நாளைக்குச் சரவணம்பட்டியில பன்னெண்டாவது மாடிக்குப் போறோம். தொட்டிக்கு மாத்தலாம்னு நேத்து தோண்டினா, கேக்கு மாதிரி முழுசா வருதுங்க. வேரெல்லாம் உள்ளுக்குள்ளயே வட்டமாச் சுத்திக் கெடக்குது. அதைச் சுத்தி இந்தக் கவரு."

"தரையில ஏழு வருஷம் நின்ன செடி வேரை ஊர் மேய விட்டிருக்கும்" என்றார் மஜீத். "இது நர்சரியிலிருந்து வந்து கொஞ்ச மாசந்தான் ஆகியிருக்கோணும். உங்களுக்கு என்னம்மா தெரியணும்?"

"இது யாருக்குத் தெரியும்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

பங்காரம்மா தன் வயர் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அறுந்த கைப்பிடியைச் சுற்றி நெகமம் கட்டம்போட்ட சேலைக் கிழிசல் ஒன்று அழகாகக் கட்டப்பட்டிருந்தது.

"செடி எங்கேன்னு அவங்க கேட்கலை, கேசவன்" என்றார் மஜீத், அவர் போன பிறகு. "எப்பப் போச்சுன்னும் கேட்கலை."

"பதட்டமுங்க பாய்" என்றார் சென்னகேசவன், பன்னின் மறுபாதியை உள்ளே தள்ளியபடி.

கணபதியில் பங்காரம்மாவின் வீடு பாதி பெட்டிகளுக்குள் போயிருந்தது. வாசலில் கோணிமேல் செடி கிடந்தது. கோயில் மணிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டாற்போல் வெளிர்மஞ்சள் பூக்கள். ஒவ்வொன்றிலும் அரைப்படி அரிசி அளக்கலாம் என்று சென்னகேசவனுக்குப் பட்டது. இலைகள் துவண்டிருந்தன.

அவர் கணவர் கோவிந்தராஜுலு மோட்டார் பம்ப் பட்டறை நடத்தியவர். அவர் மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலைச் செம்புக் கம்பி தாங்கியது. கேட்டின் கொண்டியும் செம்புக் கம்பி, குடைக் கைப்பிடியும் செம்புக் கம்பி. அந்த வீட்டில் மோட்டார் வைண்டிங் கம்பியால் கட்டப்படாதது பங்காரம்மா ஒருவர்தான்.

"செடிக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் அவசரமாக. "அவளைக் கொழப்பிப் போடாதீங்க. பையனோட செடிதான் அது."

மகள் லாஸ்யா டேப் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை விட்டு நிமிர்ந்தாள். "நைனா, விடுங்க. அங்கிள், இலை, பூ, வெதை அத்தனையும் வெஷம். எங்க பாப்பா அக்ஷிதா வாயில வெச்சுட்டா? நானே வெட்டிப் போடலாம்னு நெனச்சிருக்கேன்."

சென்னகேசவன் மஜீதின் விலாவில் இடித்தார். "கேஸ் முடிஞ்சுதுங்க."

"வெட்ட நெனைக்கிறவ இன்னொண்ணை வாங்கி நடுவாளா?" என்றார் மஜீத்.

சென்னகேசவன் அரை நிமிடம் துக்கம் கொண்டாடிவிட்டு, அடுத்த தெரு நர்சரிக்காரர் சஹீரைக் கையோடு இழுத்து வந்தார். சஹீர் கவரைப் பார்த்ததும் கொதித்துப் போனார்.

"நானா? கவரோட நடறது குழந்தையைச் சட்டையோட குளிப்பாட்டற மாதிரிங்க! கவரைக் கிழிக்கோணும், சுத்தின வேரைக் கலைச்சு விடோணும். அப்பத்தான் தரையைப் புடிக்கும். இல்லைன்னா தரையில நின்னாலும் அது தொட்டிச் செடிதான். எத்தனை தண்ணி ஊத்தினாலும் மத்தியானம் சாஞ்சு போகும். வால்பாறை குளிருக்குப் பொறந்ததுங்க இது. நம்மூரு மே மாச வெயில்ல, பெரிய தொட்டி, நெழலு, ரெண்டு வேளைத் தண்ணி, இத்தனையும் இருந்தாத்தான் தப்பும்."

"இதை யாருக்கு வித்தீங்க?"

சஹீர் யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க மின்விசிறியைப் பார்த்தார். மின்விசிறியைக் காலையிலேயே கழற்றியிருந்தார்கள். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனுங்க. ஒண்ணுக்கு ரெண்டு சத்தியம்."

மஜீத் செடி எடுத்த குழியருகே குத்துக்காலிட்டார். சென்னகேசவன் புதையல் எடுக்க இறங்கியவர்போலக் குழிக்குள் குதித்துக் கொத்தினார். மேலாக, முட்டுக் கொடுத்த மூங்கில் குச்சி. அதில் செம்புக் கம்பி முறுக்கு. அதற்கடியில் மட்கிய கருத்த வேர், இன்னொரு குச்சி. அதில் கட்டம்போட்ட துணிக் கிழிசல். அதற்கும் அடியில் இத்துப்போன இன்னொரு கவர், பச்சை பிடித்த செம்புக் கம்பி.

மஜீத் துணியை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் வாடிப் போனது.

"கேசவன், இதை மூடிப்போடுங்க. அந்தம்மாகிட்டத் தனியா ஒரு வார்த்தை சொல்லிக்கலாம். உள்ளே ஒண்ணும் பேச வேண்டாம்."

ஆனால் சென்னகேசவன் இந்த ஒரு நாளுக்காகப் பத்து ஜென்மம் காத்திருந்தவர். எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து உண்மையை உடைப்பது! மஜீத் கைகழுவிவிட்டு உள்ளே வருவதற்குள், லாஸ்யாவைப் பீரோ ஓரமாகவும், சஹீரைக் கதவருகிலும், கணவன் மனைவியை எதிரெதிர் அட்டைப்பெட்டிகள்மேலும் உட்கார வைத்திருந்தார்.

மஜீத் நிலைப்படியிலேயே நின்றார். "பெரிசா ஒண்ணுமில்லீங்க" என்றார் மெதுவாக. "சில செடிக்கு வேர் வெளியே வராது. மண்வாகு அப்படி."

"பாய்!" சென்னகேசவன் பதறினார். "மண்வாகு கவர் தைக்குமுங்களா? நீங்க அடக்கமா இருங்க, நான் சொல்றேன். லாஸ்யா அம்மணி இல்லை. வெட்டறவங்க நட மாட்டாங்க. சஹீர் தம்பியும் இல்லை. தொழில் தெரிஞ்சவரு கவரோட நட மாட்டாரு. அவசரமா, ஆரும் பாக்கறதுக்குள்ள நட்டவரு, தோட்ட வேலை தெரியாதவரு, கைக்குக் கெடைச்சதுல கட்டறவரு..." செம்புக் கம்பியை உயர்த்திப் பிடித்தார். "ஐயா, உங்க கண்ணாடியைக் கழட்டிக் காட்டுங்க!"

கோவிந்தராஜுலு கழற்றவில்லை. தலைகுனிந்தார்.

"கேசவன், போதும்" என்றார் மஜீத்.

"இருங்க பாய், நடுவுல ஒண்ணு இருக்குதே! அது மட்டும் கவரைப் பக்குவமா எடுத்து நட்டது. கட்டினது கம்பியில இல்லை." மந்திரவாதி முயல் எடுப்பதுபோல மடியிலிருந்து துணிக் கிழிசலை உருவினார். "நெகமம் கட்டம்! அம்மா, உங்க கூடைக் கைப்பிடி..."

சொல்லி முடிக்கும்போதுதான் அவருக்கே புரிந்தது. துணியை அவசரமாகத் திரும்ப மடியில் செருகினார்.

முதலில் பேசியவர் கோவிந்தராஜுலு. "நீயா?"

"நீங்க நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில கெடந்தீங்களே, அப்பக் கருகிப் போச்சுங்க. வந்து பாத்தா தாங்க மாட்டீங்கன்னு சஹீருகிட்ட வாங்கி நட்டேன். கருகினதுதான் ஆதர்ஷ் நட்டதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"அவன் நட்டது மொத வெயில்லயே போயிருச்சு. நீ கருமத்தம்பட்டிக்கு உங்கக்கா ஊட்டுக்குப் போயிருந்தப்ப நான் வேறொண்ணு வாங்கி வெச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னோடது போன வருஷம் போச்சு. நாந்தான் இதை வெச்சேன்."

தெருவில் யாரோ ஸ்கூட்டியைக் கிளப்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப, பையன் வருவான்னு நீ..."

"நீங்க நம்பறீங்கன்னுதானுங்க நானு."

"நீ நம்பறேன்னுதான் நான்."

ஏழு வருடமாக அந்த வீட்டில் அவன் வருவான் என்று ஒரு ஆள் நம்பிக்கொண்டிருந்ததாக இருவருமே நினைத்திருந்தார்கள். இல்லாத அந்த ஆள் அப்போது எழுந்து வெளியே போய்விட்டார். லாஸ்யா டேப் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, எதை ஒட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

சஹீர்தான் கனைத்தார். "அம்மா, தொட்டி தயாரா இருக்குதுங்க. ஆனா பொய் சொல்ல மாட்டேன். பன்னெண்டாவது மாடி, மேக்கு வெயிலு, காத்து. இது இந்த மேயைத் தாண்டாதுங்க."

"தெரியும் கண்ணு. வெச்சுப்போடு." பங்காரம்மா எழுந்தார். "ஒண்ணு சொல்றேன். இது போச்சுன்னா அடுத்தது எடுத்து வெக்காதே. நான் வந்து கேட்டாலும் குடுக்காதே. அவரு வந்து கேட்டாலும் குடுக்காதே."

வாசலில் உட்கார்ந்து சுற்றிய வேர்களை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். கோவிந்தராஜுலு குச்சியைப் பிடித்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து செம்புக் கம்பியை எடுத்தவர், மனைவி கூடைக் கைப்பிடியை அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். சேலைக் கிழிசலின் ஒரு நுனியை அவர் பிடிக்க, மறுநுனியில் பங்காரம்மா முடிச்சுப் போட்டார்.

பேக்கரிக்குத் திரும்பும்வரை சென்னகேசவன் வாய் திறக்கவில்லை. அவர் வாழ்நாளில் அவ்வளவு தூரம் பேசாமல் வந்தது அதுவே முதல்முறை.

"பாய், யாருக்குத் தெரியும்னுதானே அவங்க கேட்டாங்க? சொல்லித்தானே ஆகோணும்?"

"அவங்க கேட்க வந்தது ஒரே பதிலுங்க, கேசவன். 'உங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாது'ங்கற பதில்." மஜீத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க."

டீ ஆறியது. கடைக்காரர் மேசை துடைக்க வந்து, தட்டைப் பார்த்துத் துணியோடு அப்படியே நின்றார்.

பன் முழுசாக இருந்தது.