பசி நீங்கிய வீதி

ருக்குமணி ஊதி முடித்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. உணவுப் பெட்டகத்தின் கதவு அசையவில்லை.

"இன்னொரு தடவ நல்லா ஊதுங்கக்கா," என்றாள் கோகிலவாணி.

ருக்குமணி சுவரைப் பிடித்துக்கொண்டு பசிமானியின் குழலில் மறுபடி ஊதினாள். மறுபடியும் சிவப்புதான். திரையில் எழுத்து ஓடியது: 'பசி இல்லை. வீண்கொடை தவிர்க்கப்பட்டது. நன்றி.'

"நெசமாவே பசிக்கலீங்களா?"

"போன வாரமெல்லாம் வயிறு கபகபன்னு எரிஞ்சுதுங்க. இப்ப ஒண்ணுமே இல்லீங்க. கண்ணுதான் இருட்டிக்கிட்டு வருது." ஏதோ தப்புச் செய்தவளைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு ருக்குமணி திரும்பி நடந்தாள். இடுப்பில் சேலை நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

திருப்பூருக்குப் பசிமானி வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பசிக்கும்போது இரைப்பையில் சுரக்கும் பொருளின் தடம் மூச்சில் தெரியும். கருவி அதை அளந்து பச்சை காட்டினால்தான் பெட்டகம் ஒரு உணவுப் பொட்டலத்தை வெளியே தள்ளும். மண்டபங்களிலும் விடுதிகளிலும் மிஞ்சுவதெல்லாம் இப்படித்தான் பசித்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. குப்பைமேட்டில் சோறு கிடந்து யாரும் பார்த்ததில்லை. ஏமாற்றி வாங்குகிறவர்களும் இல்லை. விளக்கைப் பார்க்காமல் ஒருவருக்குச் சோறு போடுவது, சோற்றைச் சாக்கடையில் கொட்டுவதைப்போல வெட்கக்கேடு என்று ஆகிவிட்டது.

சாயப்பட்டறை வீதியின் பெட்டகத்துக்குக் கோகிலவாணிதான் கண்காணிப்பாளர். அவினாசியில் குடியிருந்தாள். காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து, மாலையில் திரும்பிப் போவாள். இந்த வேலையில் அவளுக்குப் பெருமை உண்டு. இன்றைக்கு என்னவோ ஒரு பயம்.

போன மாதக் கடைசியில் நொய்யல் ஆற்றில் வெள்ளம் வந்தது. பட்டறைகள் மூடின, வீதிக்குள் தண்ணீர் புகுந்தது, பெட்டகத்துக்குச் சரக்கு வருவது பாதியாகக் குறைந்தது. முதல் வாரம் யார் ஊதினாலும் பச்சை. கொடுக்கத்தான் பொட்டலம் இல்லை. தண்ணீர் வடிந்து பாதை திறந்தபோது பச்சைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகின. நிலைமை சீராகிவிட்டது என்று கோகிலவாணியும் நிம்மதியாக இருந்தாள்.

இப்போது அவள் ருக்குமணியின் பதிவைத் திரையில் திறந்தாள். ஒன்பது நாள் தொடர்ந்து பச்சை. அந்த ஒன்பது நாளில் அவளுக்குக் கிடைத்தது மூன்றே பொட்டலம். பத்தாம் நாளிலிருந்து சிவப்பு. அடுத்த பெயரைத் திறந்தாள். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும்.

வேலைக்குச் சேர்ந்தபோது படித்த பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. பட்டினி நீண்டால் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் தானே தின்னத் தொடங்கும். அப்போது பசி அடங்கிவிடும். தேர்வுக்காக மனப்பாடம் செய்து, எழுதிவிட்டு, மறந்துபோன பாடம்.

சிவப்பு கூடக்கூட, தேவை குறைந்துவிட்டது என்று பெட்டகம் பகிர்வு வாரியத்தின் தலைமைக்குச் சொல்கிறது. தலைமை சரக்கைக் குறைக்கிறது. சரக்கு குறைந்தால் இன்னும் சிலருக்குப் பசி அடங்கிவிடும்.

வாரிய அதிகாரி நவநீதனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், இவங்களுக்குப் பசி தீரல. பசி செத்துப்போச்சு!"

"பதட்டப்படாதீங்கம்மா," என்றார் அவர், பொறுமையாக. "அவங்க மூச்சே பசி இல்லைன்னு சொல்லுது. நாம பாவம் பாத்துக் கொடுத்தோம்னா, எங்கேயோ நெசமா பசியில இருக்கிறவன் சோறு வீணாப் போகும். நானும் பட்டினி கிடந்து வளர்ந்தவன்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

பெட்டகத்தை உடைக்க முடியாது. நெம்பினாலே பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் சாவி பசி ஒன்றுதான். ஒரு பச்சையாவது பதிவானால்தான் சரக்கும் அடியோடு நிற்காது. கோகிலவாணி அன்று மதியச் சாப்பாட்டை மூடி வைத்தாள். இரவும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை தலை கிறுகிறுக்க வந்து, தானே குழலில் ஊதினாள். பச்சை. பொட்டலம் வந்து விழுந்தது. அதைப் பிரித்துத் தின்னச் சொல்லி வயிறு இழுத்தது. முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

ருக்குமணியின் வீட்டில் பாயில் அவள் ஆறு வயது மகள் தன்ஷிகா படுத்திருந்தாள். உதட்டில் உட்கார்ந்த ஈயைக்கூட அவள் ஓட்டவில்லை.

"வேண்டாங்க," என்று கையை மறித்தாள் ருக்குமணி. "எங்களுக்குச் செவப்புங்க. யாராவது பசிச்சவங்களுக்குக் குடுங்க. பாழாப்போயிரும்."

"அக்கா, கொஞ்சம் பேசாம இருங்க!"

ஒரேயடியாகக் கொடுத்தால் உடம்பு தாங்காது. சோற்றை வெந்நீரில் கரைத்து, கஞ்சியாக்கி, கரண்டி நுனியில் கொஞ்சமாக ஊட்டினாள். முதல் வாய் கடைவாயில் வழிந்துவிட்டது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவது வாய்க்குத் தொண்டை ஏறி இறங்கியது. கோகிலவாணி அடுத்த கரண்டியை எடுத்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. எதிர்வீட்டு மருதாசலம். சாயப்பட்டறையில் மூட்டை தூக்கியவர். இப்போது சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"அந்தப் புள்ளைக்குச் செவப்புங்களே அம்மணி," என்றார் மெதுவாக. "செவப்புக்குக் குடுக்கறது தப்புங்க. நான் வாரியத்துக்குச் சொல்லிட்டனுங்க."

வெளியே லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது.

கோகிலவாணி ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஆட்கள் பெட்டகத்தைச் சங்கிலியால் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வீதியே கூடியிருந்தது. நவநீதன் முன்பே செய்து வைத்திருந்த ஒரு பித்தளைப் பலகையை உயர்த்திக் காட்டினார். 'பசி நீங்கிய வீதி.' ஜனங்கள் கைதட்டினார்கள்.

"தட்டாதீங்க! நீங்க செத்துக்கிட்டு இருக்கீங்க!" என்று அவள் கத்தினாள். "உங்களுக்குப் பசி எடுக்காததே சீக்குதான்! மணி பத்தாச்சு, எந்த வீட்டுலயாவது குக்கர் சத்தம் கேக்குதா?"

"பசிக்கலைன்னு நாங்களே சொல்றமே," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

நவநீதன் பெட்டகத்திலிருந்து கழற்றிய பசிமானியை அவளிடம் நீட்டினார். "ஊதுங்கம்மா."

மாட்டேன் என்று தலையாட்டினாள். ஆனால் மூச்சிரைக்க நின்றவளின் வாயருகே குழல் இருந்தது. பச்சை எரிந்தது. வீதி முழுக்கத் தெரிகிற மாதிரி எரிந்தது.

"இந்த வீதியிலேயே பசி இருக்கிறது உங்களுக்கு ஒருத்தருக்குத்தான்," என்றார் அவர் வருத்தத்தோடு. "நீங்க இந்த வீதியும் இல்ல. காலையில பெட்டகத்துல எடுத்தது யாரோட சோறும்மா?"

அத்தனை முகங்களும் அவளைத் திரும்பிப் பார்த்தன. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போன முகங்கள். சோற்றுத் திருடியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தன. அவள் பின்னால் நகர்ந்து, ருக்குமணியின் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கஞ்சி இன்னும் பாதி இருந்தது.

லாரி கிளம்பிப் போனது. கைதட்டிக்கொண்டிருந்த மருதாசலம் மெல்லத் தரையில் உட்கார்ந்தார், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். யாரும் குனிந்து பார்க்கவில்லை. பலகையை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.