அக மறுப்பு

“அவ வாயைப் பூட்டணும்னு சொல்லுதீங்களே, அந்த வாய்தான அன்னைக்கு உங்கள—”

“அதை இப்ப எதுக்கு இழுக்க ஜமீலா? நான் கேக்கது ஒண்ணே ஒண்ணு—”

“—பாடையில ஏத்தவிடாம எறக்கி வெச்சுது!”

“—இந்தக் காலேஜு இருக்கணுமா, வேண்டாமா? அதைச் சொல்லு மொதல்ல.”

இரண்டு பேரும் ஒரே மூச்சில் நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு, சொல்லி வைத்தாற்போல் தலையை நிமிர்த்தி மேற்கூரையைப் பார்த்தார்கள். செய்முறைக் கூடத்தின் மின்விசிறிக்குப் பக்கத்தில், கவிழ்த்துவைத்த கொட்டாங்கச்சி போல ஐயமானி தொங்கிக்கொண்டிருந்தது. மாணவிகளின் நெற்றிப்பட்டையிலிருந்து மட்டும்தான் அது சேதி வாங்கும். இப்போது கூடத்தில் மாணவி என்று ஒருத்தியும் இல்லை. கட்டிலில் ரப்பர் நோயாளி ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது, அவ்வளவுதான். அது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் குரல் தாழ்ந்தது.

பாக்கியசீலி முத்தன்துறைச் செவிலியர் கல்லூரியின் தர ஒருங்கிணைப்பாளர். ஜமீலா அங்கே செய்முறை ஆசிரியை. ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்து, ஒருத்தி கறியை ஒருத்தி குறைசொல்லியே சாப்பிட்டுப் பழகியவர்கள். சண்டை அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இந்தச் சண்டை இசக்கி என்கிற மூன்றாமாண்டு மாணவியைப் பற்றியது, இலேசில் தீராது.

“சீலியக்கா, கொஞ்சம் நெனச்சுப் பாருங்க,” என்றாள் ஜமீலா. “உங்களுக்குக் காய்ச்சல் கொதிக்கு. கண்ணு சொருகிட்டு. வந்த டாக்டர் பென்சிலின் ஊசியப் போடுன்னுட்டாரு. மருந்தை உறிஞ்சிக் கையில வெச்சிருந்தவ யாரு? நான்! எனக்கு மறந்துபோச்சு. அப்பதான் மொத வருசப் பிள்ளை ஒருத்தி, கதவுக்குப் பின்னால நின்னவ, ‘மிஸ், மேடத்துக்கு அது ஒத்துக்காது, தொண்டை அடைச்சு உசிருக்குப் போராடினதை அவங்களே வகுப்புல சொன்னாங்க’ன்னு கத்துதா. டாக்டர் மொறைக்காரு. அவ அசையல.”

“நான் மறக்கல.”

“மறந்துட்டுதான் பேசுதீங்க.”

“மறக்கலங்கேன்! ஆனா அதே பிள்ளைதான போன தடவை தரம் அளக்க வந்தப்ப எந்திரிச்சு நின்னு, ‘சார், நீங்க சொல்லுதது தப்பு’ன்னு சொல்லிச்சு? கலந்த அளவுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. இன்னொரு தடவை கலந்தா அங்கீகாரம் போச்சு. போனா, இந்தக் கடற்கரைப் பிள்ளைங்களுக்கு வேற காலேஜு எங்க இருக்கு? நகரத்துக்கு எந்த அப்பன் அனுப்புவான்? நாளைக்கே மாப்பிள்ளை பாத்துருவாங்க, அம்புட்டுதான்.”

அது நியாயம் என்பதாலேயே ஜமீலாவுக்குக் கோபம் கூடியது.

ஐயமானி வருவதற்கு முந்திய காலத்தை இருவரும் பார்த்தவர்கள். அப்போதெல்லாம் மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் கல்லூரிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்குப் பூந்தொட்டி. நூலகத்துப் புத்தகங்கள் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வேனில் வரும். குழு அந்தக் கல்லூரிக்குப் போகுமுன் புத்தகங்கள் அங்கே போய்க் காத்திருக்கும். ஒருமுறை பூந்தொட்டியில் ஏதோ திருமண மண்டபத்தின் பெயரைப் படித்துவிட்டு, “மாப்பிள்ளை வந்தாச்சா?” என்று கேட்டார் குழுத் தலைவர். சிரித்துக்கொண்டே முதல் தரமும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நாடகத்துக்கு முடிவு கட்டத்தான், கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தகவு ஆணையம் ஐயமானியைக் கொண்டுவந்தது. தெரிந்த விஷயத்தில் ஒரு பொய்யைக் கேட்டால் மூளை துணுக்குறும். யோசிக்கத் தொடங்கும் முன்பே, இமைக்கும் நேரத்துக்குள், ஒரு சிறு மின்னலடி. ‘அக மறுப்பு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கற்றவளுக்கு அது அடிக்கும், கல்லாதவளுக்கு அடிக்காது. நடிக்க முடியாது. ஆகவே, பாடத்தின் நடுவே ஒரு பொய்யை நுழைத்துப் படித்தால் போதும். எத்தனை நெற்றிப்பட்டையில் மின்னலடிக்கிறதோ அதுதான் கல்லூரியின் தரம். கோப்பு வேண்டாம், பூந்தொட்டி வேண்டாம். வராத மாணவிக்குச் சுழியம், ஆகவே மந்தப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தவும் முடியாது. உலகமே மெச்சிய கருவி.

ஒரே ஒரு நிபந்தனை. அளக்கும்போது யாரும் பேசக்கூடாது. ஒருத்தி வாய் திறந்து ‘தப்பு’ என்றால் மற்றவர்களின் மூளை அவள் சொல்லுக்கு ஆடும், பாடத்துக்கு ஆடாது. அளவு கலந்துவிடும்.

“அளக்குத நேரத்துக்கு மட்டும்தான்க்கா அவங்க அமைதி கேட்டாங்க,” என்றாள் ஜமீலா. “நாம பிள்ளைங்களுக்கு ஆயுசுக்கும்லா சொல்லிக்கொடுக்கோம்.”

“அளக்குத நேரம் எதுன்னு சொன்னாங்களா? எந்த வகுப்புல, எந்தப் பொய்ய, எவன் வந்து சொல்லுவான்னு தெரியுமா? திடீர்னுதான வாராங்க? அப்ப எப்பவும் பேசாம இருந்தாதான அந்த நேரமும் பேசாம இருக்கும்?”

எல்லாக் கல்லூரிகளும் கண்டுபிடித்த வழி அதுதான். யாரும் உத்தரவு போடவில்லை. மழைநீர் பள்ளம் பார்த்து ஓடுவதுபோல அது தானாக நடந்தது.

“கூப்பிடு அவள,” என்றாள் பாக்கியசீலி.

இசக்கி வந்து நின்றாள். உப்பளத்து வெயிலில் வளர்ந்த ஒல்லி உடம்பு, படபடக்கும் கண்கள்.

“நெத்திப்பட்டையக் கட்டு. நான் ஒரு பாடம் படிப்பேன். தப்பு வந்தா மனசுக்குள்ள வெச்சுக்கணும். நாக்க மேலண்ணத்துல ஒட்டு.”

“ஒட்டிட்டேன் மேடம்.”

“ஒட்டியிருந்தா எப்படிட்டி பேசுத?”

இசக்கி சிரித்துவிட்டாள். ஜமீலாவும் சிரித்தாள். பாக்கியசீலி சிரிக்கவில்லை.

“மேடம், ஒரு சந்தேகம். தப்புன்னு தெரிஞ்சா சொல்லணும்தான?”

“தெரிஞ்சா போதும். அதைக் கருவி பாத்துக்கிடும்.”

“கருவிக்குத் தெரிஞ்சு என்ன மேடம்? சொல்லுதவருக்குல்லா தெரியணும்?”

“இசக்கி,” என்று அவள் தோளில் கை வைத்தாள் பாக்கியசீலி. “உனக்கு அடுத்து உன் தங்கச்சி இங்க வரணும்லா? உங்க தெருப் பிள்ளைங்க வரணும்லா? இந்த வாசல் தொறந்து இருக்கணும்லா? நீ பேசாம இருந்தாத்தான் அது நடக்கும். எனக்காகச் செய்யி.”

எனக்காக என்ற சொல்லுக்கு அந்தப் பெண் மடங்கிவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் பயிற்சி. பாக்கியசீலி பொய்யாக ஒன்று படிப்பாள்; இசக்கியின் பட்டையில் மின்னலடிக்கும்; கூரையில் ஐயமானியின் பச்சை விளக்கு பூக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும்போது இசக்கியின் இரண்டு கன்னங்களும் இலேசாகக் குழிந்துவிடும். அந்தக் குழியைப் பார்த்துத்தான் பாக்கியசீலி நிம்மதியடைவாள். ஜமீலா பயிற்சிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அளவை ஒரு திங்கட்கிழமை முற்பகலில் வந்தது. மதிப்பீட்டாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தூங்கவைக்கும் குரலில் குழந்தைப் பராமரிப்புப் பாடத்தைப் படித்தார். கைகளைக் கழுவுவது, பால் கொடுப்பது, ஏப்பம் விடச்செய்வது. நடுவே, ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார்: “மூன்று மாதக் குழந்தைக்கு மருந்து கசந்தால் சுத்தமான தேனில் குழைத்து நாவில் தடவலாம். அதனால் தீங்கில்லை.”

ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் நஞ்சாகலாம் என்பது முதலாண்டுப் பாடம். வகுப்பு முழுவதும் ஒரு துணுக்குறல். சத்தமில்லை. கூரையில் பச்சை குப்பென்று பூத்தது.

இசக்கி மேசை விளிம்பைப் பிடித்து அரைவாசி எழுந்துவிட்டாள். பின்வரிசைக்கு அப்பால் நின்ற பாக்கியசீலி தன் விரலை மெல்ல உயர்த்தித் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

இசக்கி உட்கார்ந்தாள். கன்னங்கள் குழிந்தன.

முத்தன்துறைக்கு மாநிலத்திலேயே உயர்ந்த தரம் கிடைத்தது. வாசலில் பெரிய பதாகை, ஊருக்கே லட்டு. எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்த பாக்கியசீலி, இசக்கிக்கு மட்டும் இரண்டாக எடுத்து நீட்டினாள்.

“சாப்பிடுட்டி. உன்னாலதான்.”

“வேண்டாம் மேடம்,” என்றாள் இசக்கி. “நாக்கு வலிக்கி.”

அந்த வெற்றிக்குப் பின் ஆணையம் கருவியை மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோயிற்று. செவிலியரின் பணித்தொப்பியிலேயே உணரி தைக்கப்பட்டது. மருத்துவர் தவறாக ஏதாவது சொன்னால் செவிலியின் மூளை துணுக்குறும்; வார்டின் கூரையில் பச்சை எரியும்; அந்த வார்டில் கற்றவர்கள் பணியில் இருக்கிறார்கள் என்று வார்டின் மாதாந்திர மதிப்பெண்ணில் ஏறும். என்ன ஐயம், யாருக்கு ஐயம் என்பது கருவிக்குத் தெரியாது. செவிலி பேசிவிட்டால் இங்கேயும் அளவு கலந்துபோகும். அவள் படித்த கல்லூரிக்கும் அதில் ஒரு பங்கு குறையும். முதலில் மருத்துவர்கள் பச்சையைக் கண்டால் நின்று யோசித்தார்கள். ஆனால் செவிலியருக்கு ஐயம் எதில்தான் வராது? பத்து வார்த்தைக்கு ஒருமுறை எரிகிற விளக்கை எத்தனை நாள்தான் நிமிர்ந்து பார்ப்பது? அது மின்விசிறியின் சத்தம்போல ஆகிவிட்டது.

ஓய்வுபெற்ற சில காலத்தில் பாக்கியசீலியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நகரத்துப் பெரிய மருத்துவமனையில் அறுவை நடந்தது. கண் விழித்தபோது தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். குரல் இல்லை. மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று இரண்டு மணிக்கட்டையும் பஞ்சுத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ‘பென்சிலின் ஒவ்வாது’ என்று எழுதிய சிவப்புப் பட்டை அந்தத் துணிக்கு அடியில் போய்விட்டது.

ஆனாலும் அவளுக்குப் பயமில்லை. தலைமாட்டில் நின்று சொட்டுமருந்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள் இசக்கி.

உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. கண்கள் படபடக்கவில்லை. “மேடம், நான் இசக்கி. பயப்படாதீங்க, நான்தான் பாத்துக்கிடுதேன்,” என்று காலையில் காதருகே சொல்லியிருந்தாள். பாக்கியசீலி கண்ணை மூடித் திறந்து நன்றி சொன்னாள். சுவரில் அந்த வார்டின் தகவுச் சான்று மாட்டியிருந்தது. அக மறுப்பு: மிகச் சிறப்பு. அதைப் படித்தபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மதியம் காய்ச்சல் ஏறியது. பணி மருத்துவர் அரைத் தூக்கத்தில் வந்தார். இளைஞர், முந்தின நாளிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை என்று சட்டையே சொன்னது. குறிப்புத்திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இன்ஃபெக்‌ஷன்தான். பைபராசிலின் ஏத்திடுங்க சிஸ்டர்.”

பெயர் நீளமாக இருந்தாலும் அது பென்சிலின் குடும்பத்துப் பிள்ளை. செவிலியருக்கு எத்தனையோ வருஷம் பாடம் சொன்ன பாக்கியசீலிக்கு அது தெரியாதா? கையை இழுத்தாள், துணி விடவில்லை. வாயைத் திறந்தாள், குழாய் வழியே காற்று சீறிற்று.

“ரெஸ்ட்லெஸ்ஸா இருக்காங்க,” என்றார் மருத்துவர். “டெஸ்ட் டோஸ் எல்லாம் வேண்டாம், நேரா போட்டுடுங்க. அடுத்த பெட் யாரு?”

கூரையில் பச்சை எரிந்தது.

பாக்கியசீலி அதைப் பார்த்தாள். பிறகு இசக்கியைப் பார்த்தாள். தெரிகிறது இவளுக்கு! அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று கத்திய அதே பெண்ணுக்கு இன்றைக்கும் தெரிகிறது. விளக்கு பொய் சொல்லாது. சொல்லுட்டி, என்றாள் கண்ணால். இப்ப சொல்லு. காலேஜு போனாப் போகட்டும், சொல்லு.

இசக்கி மருந்துப் புட்டியை எடுத்தாள். நீர்விட்டுக் கலக்கினாள். ஊசிக்குழலில் மெல்ல உறிஞ்சினாள். பச்சை அணையவே இல்லை. இன்னும் தீவிரமாக எரிந்தது. கட்டிலருகே வந்து குனிந்து, சொட்டுக்குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பாக்கியசீலி அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இசக்கியின் இரண்டு கன்னங்களும் மெல்லக் குழிந்தன.

அடுத்த கட்டிலுக்குப் போய்விட்ட மருத்துவர், ஊசி இன்னும் போடப்படவில்லை என்பதைக் கண்டு திரும்பினார்.

“என்ன சிஸ்டர், ஏதாவது சந்தேகமா?”