கிண்ணத்தில் போன சக்கரங்கள்

தனுஷா கட்டிய ரயில் பெட்டி ஒரு சாண் நீளம்தான். ஆனால் அதற்குத் தொண்ணூற்றாறு பாகங்கள். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றையும் நகவெட்டியால் நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, இடுக்கியால் பிடித்து ஒட்டினாள். ஊசித் தடிமனில் கைப்பிடிகள். எறும்பு ஏறிப் போகலாம் போல ஓர் ஏணி. வண்டி எண் அச்சடித்த தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, எண்ணைப் பெட்டியின் பக்கத்தில் நழுவவிட்டாள். பத்து நாள் வேலை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பையைப் பிரித்தாள். உள்ளே சக்கரங்கள். முன்பே பிரித்த பையிலும் சக்கரங்கள்தான் இருந்தன. பெட்டியை இஞ்சினோடு மாட்டும் கொக்கி ஒன்றுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சிவசங்கர் மாமா சேலத்திலிருந்து இஞ்சினோடு வருகிறார். கொக்கி இல்லாத பெட்டியை எந்த இஞ்சின் இழுக்கும்?

மாமாவுக்குப் போன் செய்தாள். விஷயம் அப்போதுதான் புரிந்தது. அவர் வாங்கியது இரண்டு பெட்டிகள் சேர்ந்த ஒரே செட். சரக்குப் பெட்டி தனுஷாவுக்கு. ரயிலின் கடைசியில் வரும் கார்டு பெட்டி எதிர்வீட்டுப் பிரவீன்குமாருக்கு. ஒரு வீட்டுக்குக் கூட, ஒரு வீட்டுக்குக் குறைய என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று மாமா எல்லாவற்றையும் எண்ணியே பிரித்திருந்தார். சின்னப் பைகள் நான்கு. ஆளுக்கு இரண்டு. பைக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

மாமா பயந்ததில் நியாயம் உண்டு. தனுஷாவின் தாத்தா ராஜாங்கமும், பிரவீனின் தாத்தா பூமாலையும் அண்ணன் தம்பி. கச்சிராயபாளையத்தில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. மூன்று வருடத்துக்கு முன் கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று பேச்சு வந்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

எதிர்வீட்டில் இருக்கும் கொக்கிகளைப் பற்றித் தனுஷா தாத்தாவிடம் சொன்னாள். ராஜாங்கம் நாற்காலியில் முதுகு சாய்க்காமல் உட்காருகிறவர். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"அவங்க வாசல்ல போயி நம்ம வூட்டுப் பொண்ணு கை நீட்டறதா? இன்னா பேச்சு இது? நம்ம வூட்ல யாரும் ஒண்ணு வேணும்னு கேட்டுப் போனதில்ல."

தனுஷா ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள். பிரவீனின் கார்டு பெட்டி இரண்டு தீப்பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தது. பாவம், அதற்கு ஒரு சக்கரம்கூட இல்லை.

கொஞ்ச நேரம் யோசித்தாள். மறுபடி தாத்தாவிடம் வந்தாள்.

"நான் கேக்கப் போவல தாத்தா. குடுக்கப் போறேன். அவங்க சக்கரம் நம்மகிட்ட இருக்குது. அடுத்தவங்க பொருள நாம வெச்சிக்கினு இருக்கலாமா?"

ராஜாங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"இருக்கக் கூடாதுதான்" என்றார் கடைசியில். "போ. குடுத்துட்டு ஒடனே வந்துரணும். ஒண்ணும் கேக்கக் கூடாது."

தனுஷா ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துச் சக்கரப் பையை அதில் வைத்தாள். இத்தனூண்டு பைக்குக் கிண்ணம் எதற்கு என்று அம்மா ஜெயசுதா கேட்டாள். தனுஷா சிரித்தாள்.

எதிர்வீட்டு வாசலில் பூமாலை தாத்தாதான் இருந்தார். பிரவீன் அண்ணனுடைய சக்கரம் தன் பெட்டியில் வந்துவிட்டது என்று சொல்லி, கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று திரும்பினாள். "கிண்ணத்த எடுத்துக்கினு போ" என்று பிரவீன் பின்னாலேயே கூப்பிட்டான். அவள் காதில் விழாத மாதிரி நடந்தாள்.

கொடுத்தனுப்பிய கிண்ணத்தை எந்த வீட்டிலும் வெறுமனே திருப்பி அனுப்பமாட்டார்கள். அது தனுஷாவுக்குத் தெரியும். பூமாலைக்கும் தெரியும்.

மறுநாள் காலை பிரவீன் வந்தான். கிண்ணத்துக்குள் கொக்கிப் பை. கிண்ணத்தைச் சுற்றிச் சூடான சுழியங்கள். எல்லாம் ஒரு பெரிய தட்டில் இருந்தது.

"தாத்தா ஒடனே வந்துரச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு அவனும் ஓடிப்போனான்.

கிண்ணம் தனுஷாவுடைய யோசனை. தட்டு யாருடைய யோசனையோ, தெரியவில்லை. ராஜாங்கம் தட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு சுழியத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை மாமா தயங்கித் தயங்கிப் போனில் கேட்டார், தண்டவாளத்தை எந்த வீட்டில் போடுவது என்று.

"எதிர் வூட்லயே போடுங்க மாப்ள" என்றார் ராஜாங்கம். "எனக்கு அங்க ஒரு வேல இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை அவர் சலவை வேட்டி கட்டினார். தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். "தட்டு குடுக்க வந்தேன்" என்றார். பூமாலை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கூடத்தில் வட்டமாகத் தண்டவாளம் விரிந்திருந்தது. சரக்குப் பெட்டியையும் கார்டு பெட்டியையும் இரண்டு பிள்ளைகளும் மெல்லத் தள்ளினார்கள். 'டிக்' என்று கொக்கிகள் கவ்விக்கொண்டன. இஞ்சின் புறப்பட்டது.

ரயில் நாற்பது சுற்று சுற்றியது. அதுவரை ராஜாங்கம் எழுந்திருக்கவில்லை. தனுஷா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தாத்தா நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.