ஐந்து நிமிடம் ஆளில்லாத அறை

தேநீரோடு ஐல்சா அறைக்குத் திரும்பியபோது கணினித் திரை விழித்துக்கொண்டிருந்தது.

விழித்திருக்கக் கூடாது. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது இருண்டு தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். அவள் சமையலறையில் நின்றது பதினொரு நிமிடம்.

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். ஐல்சாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவள் வேலை அப்படி. வாரத்தில் மூன்று நாள் ஹோபார்ட் துறைமுகத்தில் சம்பளத்துக்கு. மற்ற நாட்களில், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஒரு மென்பொருளின் பழைய பிழைகளைக் கூலியில்லாமல் திருத்துவது. அதில் முதல் விதி, பிழையை உன் வீட்டில் வரவழைக்க வேண்டும். வராத பிழையைத் திருத்த முடியாது.

‘ஆளில்லாதபோது திரை பூட்டவில்லை’ என்ற இந்தப் பிழைக்கு வயது பதினேழு. புகார் செய்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் புகார்க்காரர் வரவழைக்கும் முறையையும் எழுதியிருந்தார். வீட்டில் தனியாக இருக்கவும். நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து வைக்கவும். கதவைச் சாத்திவிட்டுப் போகவும்.

யாருக்கோ இடம் போட்டு வைப்பது போல இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் செய்தாள். கணவன் லாக்லன் அண்டார்டிக் கப்பலில் போய் ஏழு வாரம். தனிமைக்கு வீட்டில் குறைவில்லை.

அவளுக்கு முன் நான்கு பேர் இதை வரவழைத்திருந்தார்கள். நான்காவது ஆள் கடைசியாக எழுதியது: ‘கண்டுபிடித்துவிட்டேன். மாலையில் திருத்தத்தை அனுப்புகிறேன்.’ அதன்பின் எட்டு வருடமாக ஒரு வரி இல்லை. சலித்துப் போயிருப்பார் என்று ஐல்சா நினைத்துக்கொண்டாள்.

கணினியின் பதிவைப் புரட்டினாள். அவள் வெளியே போன பிறகு, நாற்பது விநாடிக்கு ஒருமுறை மவுஸ் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. தூங்கிவிடாதே என்று யாரோ தட்டிக்கொடுத்தது மாதிரி. தூசியாக இருக்கும், மேசை ஆட்டமாக இருக்கும். மயிரிழை அசைவைக் கணக்கில் எடுக்காதே என்று பதினொரு வரி எழுதி அனுப்பினாள். புதிய பதிப்பு அன்று மாலை ஐந்து மணிக்குத் தானாக வெளியாகி எல்லோர் கணினியிலும் ஏறும்படி வைத்திருந்தார்கள். தவறினால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான்.

எல்லோருடைய திருத்தத்தையும் சேர்த்துப் பதிப்பாக்குகிறவன் வெலிங்டனில் இருக்கும் விரெமு. போனில் சிரித்தான்.

“பதினேழு வருஷப் பிழையைப் பதினோரு வரியில முடிச்சிட்டியா அம்மணி? அப்ப இத்தனை நாளா நாங்க என்ன ஆடு மேய்ச்சிட்டு இருந்தோமா?”

“உங்க ஊர்ல வேற என்ன பண்ணுவீங்க?” என்றாள்.

நாலேகால். கடைசியாக ஒரு சோதனை. நாற்காலியை இழுத்து வைத்து, கதவைச் சாத்திவிட்டு, கணினியின் பதிவு வரிவரியாகத் தெரியும் கைபேசியோடு சமையலறையில் உட்கார்ந்தாள். அங்கே குளிர்காலமான ஜூன் மாத வெளிச்சம் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. பக்கத்து வீடுகளின் விறகுப் புகை ஜன்னல் இடுக்கு வழியே கசிந்து வந்தது. தகரக் கூரை குளிரில் சுருங்கி ஒவ்வொரு ஆணியாக முனகுவதும், குளிர்பதனப் பெட்டி ஓடி ஓடி நிற்பதும் தவிர வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

4:20. திரை பூட்டப்பட்டது.

புன்னகைத்தாள். பதினேழு வருடம்.

4:21. தவறான கடவுச்சொல்.

யாரோ வெளியிலிருந்து வலை வழியாக நுழையப் பார்க்கிறார்களோ என்று தேடினாள். இல்லை. அந்த மேசை மேல் இருக்கும் அதே விசைப்பலகை. ஒரே ஒரு எழுத்து.

தவறான கடவுச்சொல். இரண்டு எழுத்து.

தவறான கடவுச்சொல். ஐந்து.

கூடத்துக்கு அந்தப் பக்கமிருந்து இப்போது காதிலும் விழுந்தது. டக். டக். பொறுமையான விரல். பிறகு பொறுமை குறைந்த விரல். பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து, எழுத்தென்று இல்லாமல், பலகையையே அறைவது போல.

நின்றது.

நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம். மரத்தரையில். மெதுவாக.

இத்தனை வருடம் அது எங்கும் போகாமல் வெளிச்சத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தது. அவள்தான் வெளிச்சத்தை அணைத்து எழுப்பிவிட்டாள்.

கதவுப்பிடி திரும்பியது.

ஓடினாள். செருப்பில்லை. கையில் கைபேசி மட்டும். பனி பிடித்த புல். கார். பூட்டு. நான்கு கதவும் பூட்டு. கண்ணாடியெல்லாம் அவள் மூச்சு படிந்து வெளுத்தது. வீட்டின் விளக்குகள், கூடத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. எதையோ தேடி ஒவ்வோர் அறையாகப் போவது போல.

அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் அந்த எண் நினைவுக்கு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். ஐந்து மணிக்கு எல்லா வீட்டுத் திரையும் பூட்டிக்கொள்ளும்.

4:51. விரெமுவைக் கூப்பிட்டாள். முகம் தெரிந்தது. கைபேசியை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துவிட்டு, காகிதத்தில் சுற்றிய மீன் வறுவலைத் தின்றுகொண்டிருந்தான். அங்கே இரவு ஏழாகப் போகிறது. அலுவலகத்தில் அவன் மட்டும்தான்.

“என் திருத்தத்தை எடுத்துடு விரெமு. இப்பவே. அதுல ஒரு ஓட்டை இருக்கு.”

உண்மையைச் சொன்னால் சிரிப்பான். சிரித்துக்கொண்டே ஐந்து மணியைத் தாண்டிவிடுவான். அதனால் சொல்லவில்லை.

“ஓட்டையா? என் கணினியிலயே போட்டுப் பார்த்துட்டேனே. அந்த முதல் புகார்ல எழுதியிருந்த மாதிரியே நாற்காலியை இழுத்துவெச்சிட்டு, கதவைச் சாத்திட்டு, மீன் வாங்கப் போனேன். வந்து பார்த்தா ஜோரா பூட்டியிருக்கு.” விரலைத் துடைத்தான். “சரி விடு. ரெண்டு நிமிஷ வேலை. மேசையில உட்கார்ந்து நிறுத்திடறேன்.”

திரும்பி நடந்தான். அப்போதுதான் அவனுக்குப் பின்னால், அறையின் மறுகோடியில் இருந்த மேசை அவள் கண்ணில் பட்டது. இருண்ட திரை. கண்ணாடி மாதிரி கறுப்பு. அதில் விரெமு எதிரே நடந்து வருவது தெரிந்தது.

அவனுக்கு முன்னால், நாற்காலியில், இன்னொரு தலை.

நாற்காலியைப் பார்த்தாள். காலி. திரையைப் பார்த்தாள். தலை.

போகாதே என்றால், ஐந்து மணி. போ என்றால்—

கைபேசியின் மூலையில் நேரத்தைப் பார்த்தாள். 4:53.

“ஏன் அம்மணி பேச்சையே காணோம்?” விரெமு மேசையை அடைந்து, உட்காருவதற்காக நாற்காலியின் முதுகில் கை வைத்தான்.

திரையில், அவன் கை அதன் தோள்மேல் இருந்தது. அது தலையைச் சாய்த்து, கன்னத்தை அந்தக் கைமேல் வைத்துக்கொண்டது.