கொட்டாங்குச்சி வைத்த குவியல்

"நைனா, நம்ம வூட்ல எதை நிறுத்துனா யாருக்கும் நோவாது?"

பத்து வயது நீலா ஒரு நாள் மாலை இப்படிக் கேட்டாள்.

அவளுடைய அப்பா எத்திராஜ் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அந்த வருடம் கப்பல்கள் வருவது குறைந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மற்ற நாட்களில் அவர் கொருக்குப்பேட்டை வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

"உன் பேச்சை நிறுத்தினா கிருஷ்ணாயில் மிச்சமாவும்," என்றார் அப்பா. "விளக்கை ஏத்தி வெச்சிகினு எம்மாம் நேரம் கதை பேசுற?"

அம்மா பூவம்மா சிரித்தாள். அவள் ஏற்கெனவே காப்பியை நிறுத்திவிட்டாள். அப்பா வெற்றிலையை நிறுத்திவிட்டார். துணிக்குச் சவுக்காரம் மாதம் ஒரு கட்டிதான். வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்கு ஏற்றுகிற விளக்கை மட்டும் அம்மா குறைக்கவில்லை.

"விறகுதான் பேஜாரா கீது," என்றாள் அம்மா. "ஈர விறகைக் குடுக்குறான். பொகையைத்தான் காசு குடுத்து வாங்கினு வர்றோம்."

நீலா அதைப் பிடித்துக்கொண்டாள்.

ரயில் எஞ்சின்களிலிருந்து அள்ளிய சாம்பலைக் கொட்டுகிற மேடு ஒன்று தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தச் சாம்பலில் பாதி எரிந்த நிலக்கரி கிடக்கும் என்று பள்ளிக்கூடத்துத் தோழி புஷ்பவல்லி சொல்லியிருந்தாள். அதைப் பொறுக்கி வந்தால் விறகே வேண்டாமே!

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நீலா ஒரு கூடையை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். யாருமே இல்லை. பெரிய சாம்பல் மேட்டின் ஓரத்தில் ஏழெட்டுச் சின்னக் குவியல்கள் இருந்தன. எல்லாம் சுத்தமான கறுப்புக் கரி. ஒரு குவியலின் மேல் ஓட்டுத்துண்டு கிடந்தது. இன்னொன்றின் மேல் கந்தல் துணி. மற்றொன்றின் மேல் கொட்டாங்குச்சி.

'யாரோ குப்பையைப் போட்டிருக்காங்க' என்று நினைத்தாள் நீலா. யாரும் இல்லாத இடத்தில் கிடப்பது யாருக்கும் சொந்தமில்லை என்றும் சொல்லிக்கொண்டாள். கொட்டாங்குச்சியை எடுத்துத் தூர எறிந்தாள். கூடை நிறையக் கரியை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"ஏது இவ்ளோ கரி?" என்றாள் அம்மா.

"சாம்பல் மேட்டுல சும்மா கெடந்துச்சும்மா."

"எங்கண்ணு சமர்த்து," என்று அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். கரி ஒட்டிய கன்னம் இன்னும் கொஞ்சம் கறுத்தது.

நீலா குடத்தை எடுத்துக்கொண்டு துள்ளிக்கொண்டே தெருக்குழாய்க்குப் போனாள். வரிசையில் நின்றபோது கெங்கம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். கெங்கம்மா இரண்டு தெரு தள்ளி, தனியாக இருப்பவள். கரி பொறுக்கி விற்றுத்தான் பிழைப்பு.

"யாருன்னா என் குவியலைப் பாத்தீங்களா? நேத்து பொழுதோட சலிச்சு, தண்ணி தெளிச்சு ஆற வெச்சிருந்தேன். கொட்டாங்குச்சி வெச்சிட்டுதான் போனேன். இப்போ வெறும் தரைதான் கீது."

"அடையாளம் வெச்ச குவியலை எவ தொடுவா?" என்றாள் குழாயடியில் நின்ற குப்பம்மா. "இத்தினி வருசத்துல நடக்காத கூத்தா கீதே. மாடு கீடு தின்னுட்டுதோ இன்னாவோ."

"மாடு கரி தின்னுமாடி? மில்லுல ஏழு மணிச் சங்கு ஊதறதுக்குள்ள கிருஷ்ணப்பன் காப்பிக்கடைக்குக் கரி போயாவணும். அவன் அடுப்பைப் பத்தவெக்காம குந்திகினு இருப்பான்."

நீலாவின் கை குடத்தின் கழுத்தை இறுகப் பிடித்தது. கரி இன்னும் வீட்டில் கூடை நிறைய அப்படியே இருந்தது. சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. 'நான்தான் அத்தே' என்ற இரண்டு வார்த்தை அவள் நாக்கு வரைக்கும் வந்தது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை.

"எவ எடுத்தாளோ," என்றாள் கெங்கம்மா கடைசியில். அவள் திட்டவில்லை. "அவ வூட்ல இன்னா கஷ்டமோ, பாவம்."

சங்கு ஊதியது.

அன்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்வி எதுவும் நீலாவின் காதில் விழவில்லை. மாலையில் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் காப்பிக்கடை இருந்தது. கடை வாசலில் கரி மூட்டை ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. வேறு யாரோ வண்டிக்காரன் கொண்டுவந்தது.

வீட்டில் அம்மா விளக்கேற்றினாள். "வா, கும்புடு," என்றாள்.

நீலா கையைக் கூப்பவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. மேலே உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்தக் கரி சும்மா கெடக்கல."

நடந்ததை எல்லாம் சொன்னாள். குழாயடியில் பேசாமல் நின்றதை மட்டும் சொல்ல அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

அம்மா அடிக்கவில்லை. உலைப்பானையை இறக்கி வைத்தாள். இடுக்கியால் நெருப்புக் கரியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டு, தண்ணீர் தெளித்தாள். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"சோறு இன்னும் வேவலியேம்மா?"

"வேவாத சோறு வவுத்துல ஒரு ராத்திரி கெடந்தா பரவால்ல. இந்தக் கரில வெந்தது கெடக்கக் கூடாது."

அப்பா வந்து பார்த்தார். "இன்னா பூவு, அடுப்பு தூங்குது?"

"இன்னிக்கு அப்படித்தான்," என்றாள் அம்மா.

"சிக்கனம் ரொம்ப முத்திப்போச்சு," என்று சொல்லிவிட்டு அப்பா மிச்சமிருந்த பழையதை மூன்று பேருக்கும் பங்கு போட்டார்.

கூடையில் கொஞ்சம் குறைந்தது. எரிந்தது எரிந்ததுதான். அதை நிரப்ப நீலா இருட்டுவதற்குள் சாம்பல் மேட்டுக்கு ஓடினாள். ஈரத் துணி, ஓட்டுத்துண்டு, விளக்குமாற்றுக் குச்சி என்று அடையாளம் வைத்த குவியல்களை எல்லாம் சுற்றிக்கொண்டு போனாள். யாரும் சீண்டாத பழைய சாம்பலைக் கையால் கிளறினாள். பத்துப் பிடி சாம்பலில் ஒரு துண்டு கரி கிடைத்தது. கட்டை விரலில் கண்ணாடிச் சில்லு கீறியது. கெங்கம்மா தினமும் இப்படித்தான் குனிந்து நிற்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் கெங்கம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, அவள் வாசலில் கவிழ்த்திருந்த கூடையை நிமிர்த்தி, கரியைக் கொட்டிவிட்டு வந்தாள் நீலா.

குழாயடியில் அன்றைக்கு அதுதான் பேச்சு.

"எடுத்தவளே திருப்பி வெச்சிருக்கா," என்றாள் குப்பம்மா. "மாட்டுக்கு மனசாட்சி கீது போல."

"நல்லவதான்," என்றாள் கெங்கம்மா. "கடைக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கிகினான். ஆனா வண்டிக்காரன்கிட்ட மூட்டையா பேசிட்டானாம். இனிமே எனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். நேத்து காலையில நான் கேட்டப்பவே எடுத்தவ சொல்லியிருந்தா…"

கெங்கம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீலாவின் குடம் நிரம்பி வழிந்து, அவள் காலை நனைத்தது. பின்னால் இருந்தவர்கள் கத்திய பிறகுதான் நகர்ந்தாள்.

வீட்டில் மறுபடியும் ஈர விறகுதான். புகையில் அம்மா கண்ணைக் கசக்கும்போதெல்லாம் நீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் மாலையிலிருந்து பழைய சாம்பலுக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு அரைப் படி, சில நாள் அதுவும் இல்லை. கிடைத்ததை வீட்டுக் கொல்லையில் ஒரு கோணியின் கீழே சேர்த்தாள்.

"அடுப்புக்கா?" என்று ஒரு நாள் அப்பா கேட்டார்.

"இல்ல நைனா."

"சரி," என்றார் அப்பா. மறுநாள் அந்தக் கோணிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சல்லடை இருந்தது.

ஒரு கூடை சேர்வதற்குப் பதினோரு நாள் ஆனது. அள்ளிய கரிக்கு ஒரு கூடையை முன்பே கொடுத்தாகிவிட்டது. இது வாய் திறக்காமல் நின்றதற்கு.

பன்னிரண்டாம் நாள், கெங்கம்மா எழுந்திருப்பதற்கு முன்பே நீலா அவள் வாசலுக்குப் போனாள். உள்ளே கெங்கம்மா இருமுகிற சத்தம் கேட்டது. கொட்டினால் சத்தம் வரும் என்று, கரியை ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கெங்கம்மாவின் கூடையில் அடுக்கினாள். கடைசித் துண்டையும் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

எதிர்க் கூரையில் ஒரு சேவல் மட்டும் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அது கூவுவதற்குள் நீலா தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.