ஹெட்லைட்டுக்குள் ஒரு பல்

டிக்.

சின்னச் சத்தம்தான். பிரித்துக்கொண்டிருந்த ஹெட்லைட்டிலிருந்து ஏதோ ஒன்று மேஜைமேல் விழுந்து, உருண்டு, ஸ்க்ரூ டிரைவரில் முட்டி நின்றது.

பிரிஸ்கில்லா குனிந்து பார்த்தாள்.

பல்!

மனிதப் பல். மேல் வரிசை முன்பல். அதன் பாதியில் வெள்ளி நிற மூடி.

அந்த மூடியை அவளுக்குத் தெரியும். வேலூரில் பல் டாக்டர் அதை மாட்டியபோது, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளே அவள்தான்.

தங்கை ஜெனிஃபாவைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ஆம்பூரில் கார் வைத்திருப்பவர்களுக்கு பிரிஸ்கில்லாவின் கணவன் ஜெர்சனைத் தெரியும். பைபாஸ் ஓரத்தில் 'ஜெர்சன் லைட்ஸ்' என்று கடை. 2004-ல் அந்த வட்டாரத்துப் பணக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் லைட் பைத்தியம் பிடித்திருந்தது. கம்பெனி ஹெட்லைட்டைக் கொடுத்தால் உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்து, பல்பைச் சுற்றி நீல வளையம் வைத்து, பின் லைட்டையும் புகை நிறத்துக்கு மாற்றி, வெளிநாட்டு வண்டி மாதிரி ஆக்கித் தருவான் ஜெர்சன்.

தருவான் என்பது ஊர்ப் பேச்சு. நிஜத்தில் செய்தவள் பிரிஸ்கில்லா.

ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கை அவளுடையது. லீவு நாளில் வீட்டு அடுப்படியிலேயே லைட் வேலை. கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கிய ஓவனில் லைட்டைப் பத்து நிமிடம் மிதமான சூட்டில் வைப்பாள். விளிம்பில் இருக்கும் கறுப்புப் பசை இளகும். அந்தப் பதம் பார்த்து ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து, கீறல் விழாமல் கண்ணாடியைப் பிரிப்பாள். ஒரு நிமிடம் அதிகமானால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். கம்மியானால் கொக்கி உடையும். ஜெர்சன் மூன்று தடவை முயன்று, மூன்று லைட்டை நாசம் பண்ணியவன்.

அன்று காலை அவன் கொண்டுவந்து போட்ட லைட்டில் கண்ணாடியே இல்லை. நொறுங்கி, விளிம்பு மட்டும் மிச்சம். தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தான். சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கிய இன்னொரு லைட்டையும் கூடவே வைத்தான். அதன் கண்ணாடியைக் கழற்றி இதில் ஒட்ட வேண்டும். மூன்று மணிக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மிச்ச விளிம்பைப் பெயர்த்துவிட்டுக் கவிழ்த்தபோதுதான்... டிக்.

ஜெனிஃபாவும் அதே ஷூ கம்பெனிதான். காலை ஆறே முக்காலுக்குப் பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றிருந்தவளை ஒரு கார் அடித்துவிட்டுப் போனது. பார்த்தவர் யாரும் இல்லை. பிணவறையில் துணியை விலக்கியபோது அவள் வாயில் ஒரு முன்பல் இல்லை. அதையும் தேடிக் கொண்டுவரச் சொல்லி அம்மா அழுதாள். ஜெர்சன் போய் ரோட்டோரப் புல்லில் ஒரு மணி நேரம் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தான்.

ரோட்டில் கிடந்த கண்ணாடித் துண்டுகளை வைத்துக்கொண்டு, வாணியம்பாடியிலிருந்து வேலூர் லாங் பஜார் வரைக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கடையாக ஏறி இறங்கினார் இன்ஸ்பெக்டர் நிசார் அஹமது. புது ஹெட்லைட் வாங்கியது யார் என்பதுதான் அவர் கேள்வி. யாரும் வாங்கவில்லை.

ஒரு மணிக்கு ஜெர்சன் சாப்பிட வந்தான். தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அது யார் வண்டி லைட்டுங்க?"

"இன்னாத்துக்கு?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

ஜெர்சன் பார்த்தான். அது என்ன என்று கேட்கவில்லை. குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"ராமமூர்த்தி சார் வண்டி," என்றான்.

தோல் ஃபேக்டரி முதலாளி ராமமூர்த்தி. எதன்மீதோ மோதிவிட்டதாகச் சொல்லிக் கொடுத்தார், நான் நாய் என்று நினைத்துக்கொண்டேன் என்றான் ஜெர்சன். பிரிஸ்கில்லா உடனே ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். கையைப் பிடித்து உட்கார வைத்தான். அவர் பெரிய மனுஷன், நம்மைத்தான் உள்ளே தள்ளுவார்கள், லைட்டைக் கழுவி ரிப்பேர் பண்ணியது யார் என்று முதலில் உன்னைத்தான் கேட்பார்கள் என்று வரிசையாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே சாப்பிட்டான்.

"கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து. அந்தப் பல்லக் குடு, பாலாத்துல வீசிட்டுப் போறேன். அவதான் போய்ட்டா. நாம பொழைக்க வாணாமா?"

பிரிஸ்கில்லா அடுப்படிக்குப் போனாள். பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மூன்று மணிக்கு வந்து, மாற்றுக் கண்ணாடி ஒட்டிய லைட்டை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் தலை மறைந்ததும் பிரிஸ்கில்லா தோல் வெட்டும் கத்தியை எடுத்தாள். ஒரே இழுப்பில் எருமைத் தோலைப் பிளக்கும் கத்தி. முந்தானைக்குள் செருகிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

ராமமூர்த்தியே கதவைத் திறந்தார். வழுக்கைத் தலை, தூக்கம் கெட்ட கண்கள். கத்தியின் பிடி அவள் கைக்குள் வந்துவிட்டது. வயிற்றில் இழுப்பதா, கழுத்திலா... ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

யார் என்று கேட்டார். ஜெர்சன் சம்சாரம் என்றாள்.

"அட, ஜெர்சன் சம்சாரமா? வாம்மா. லைட்டு முடிஞ்சிதா? காலைலதான் இத்தாலிலேர்ந்து வந்தேன், அங்க தோல் கண்காட்சி. மூணு வாரமாச்சு வண்டிய உங்க ஊட்டுக்காரர்கிட்ட வுட்டுட்டுப் போயி."

அவருக்குப் பின்னால் கூடத்தில் மூன்று பெட்டிகள். விமான நிலையச் சீட்டு இன்னும் கிழிக்கப்படாமல் தொங்கியது.

கை அப்படியே நின்றது.

"மூணு வாரமா வண்டி... கடைலயேதான் இருந்திச்சா சார்?"

"சாவியும் அவர்கிட்டதான். இன்னாம்மா, இப்டி வேர்க்குது உனக்கு? தண்ணி குடிக்கிறியா?"

வாங்கிக் குடித்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். வண்டி இன்றைக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். தெருமுனைக்கு வந்த பிறகுதான் பார்த்தாள், கத்தியைப் பிடியை விட்டு வெட்டும் பக்கத்தில் பிடித்திருந்தாள். உள்ளங்கை கிழிந்து, முந்தானை நனைந்திருந்தது.

அந்தக் கையோடுதான் ஸ்டேஷனுக்குப் போனாள். அரை மணி நேரம் பேசினாள்.

ஐந்து மணிக்கு ஜீப் கடை வாசலில் நின்றபோது, ஜெர்சன் ராமமூர்த்தியின் வெள்ளைக் காரில் ஹெட்லைட்டுக்குக் கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு பிரிஸ்கில்லாவை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். ஜெர்சன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ராத்திரி முழுக்கக் கேட்டும் அவன் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை. பொண்டாட்டி, தங்கச்சி செத்ததில் புத்தி கலங்கி உளறுகிறாள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னானாம்.

"பல்லு பல்லுன்றீங்களே சார். எங்க இருக்குது? காட்டுங்க," என்றான் இப்போதும்.

"நேத்து பாலாத்துல ஒண்ணு வீசினியே, அத சொல்றியா?" என்றார் நிசார் அஹமது. "அது பூண்டுப் பல்லுடா."

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வைத்தார். உள்ளே வெள்ளி மூடி மின்னியது. பக்கத்தில் வேலூர் பல் டாக்டரின் சீட்டு.

அவன் பல்லைக் கேட்டபோது பிரிஸ்கில்லா கணவனைச் சந்தேகப்பட்டிருக்கவில்லை. தங்கையின் பல்லை ஆற்றில் வீச மனசு வரவில்லை, அவ்வளவுதான். கல்லறையில் கொண்டுபோய்ப் புதைக்கலாம் என்று ஒளித்து வைத்துவிட்டு, உரித்து வைத்திருந்த பூண்டில் ஒன்றை மடித்துக் கொடுத்திருந்தாள்.

ஜெர்சன் காலைக் கீழே இறக்கினான்.

"மச்சினிச்சிய இன்னாத்துக்குடா கொன்ன?"

ஜெர்சன் தலையைத் தூக்கி, இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"நான் அவள அடிக்கல," என்றான். "உன்னத்தான் அடிச்சேன்."



ஜெனிஃபா செத்தது தூறல் போட்ட காலை. பிரிஸ்கில்லா தினமும் பஸ் ஏறும் ஸ்டாப். கம்பெனிப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு. முகத்தைச் சுற்றித் துப்பட்டா. கையில் மட்டும் பிரிஸ்கில்லாவின் சிவப்புக் குடை... அன்றைக்கு அவசர வேலை ஒன்றுக்காக பிரிஸ்கில்லா லீவு போட்டதும், ஜெனிஃபா வந்து அந்தக் குடையை வாங்கிக்கொண்டு போனதும், விடியுமுன்னே வீட்டைவிட்டுக் கிளம்பியவனுக்குத் தெரியாது.

"அடிச்சிட்டு கண்ணாடில பாத்தேன். ஊந்துக்கினு எழ பாத்துச்சு. தாண்டி ரிவர்ஸ் எடுத்து, முன்னால வந்து இன்னொரு தபா ஏத்தினேன். அப்பால எறங்கினாதான்... மூஞ்சி தெரியிது. ஜெனி."

ஓரத்தில் நின்ற ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பால நீ இன்னா பண்ணின?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னா பண்றது சார்... துப்பட்டாவால மூஞ்சிய மூடிட்டு வந்துட்டேன்."

ஏன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோதுதான் அவன் குரல் முதன்முதலாக உயர்ந்தது.

"கடை என் கடை சார்! போர்டுல என் பேரு. வர்றவன் போறவன்லாம் 'அக்கா இருக்காங்களா, அக்கா கையால செஞ்சி குடுங்க'ன்றான். ஊட்டுக்கு நேரா ஃபோன் பண்றான். வேலூர்ல தனியா கடை போடலாமான்னு இவ என்னையே கேக்கறா. அப்ப நான் இன்னா, லைட்டு தூக்கினு போற கூலியா?"

பிரிஸ்கில்லா அழவில்லை. துணி சுற்றிய உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை எழப் பார்த்திருக்கிறாள். முதல் அடியில் சாகவில்லை. எழுந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

நிசார் அஹமது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன், ஏதாவது கேட்பதென்றால் கேட்டுக்கொள், அடிப்பதென்றாலும் நான் பார்க்கவில்லை என்றார். சொன்னபடி போய் நின்றார்.

அவள் எழுந்து கணவனுக்கு எதிரே வந்தாள். ஜெர்சன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கடைச் சாவி எங்க?"

கண்ணைத் திறந்தான். "இன்னாத்துக்கு?"

"நாளைக்கு மூணு வண்டி டெலிவரி," என்றாள் பிரிஸ்கில்லா. "அக்கா இருக்காங்களான்னு கேப்பாங்க."